யுவராணிக்கு ஒரு பெயில் மார்க்

சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் தங்கக்கோபுரம் மெட்ரிகுலேஷன் பள்ளியில், அது தொடங்கிய நாளிலிருந்து ஒரு குழந்தைகூடத் தோற்றதில்லை. எல்.கே.ஜி.யில் பென்சிலைத் தின்றுவிட்ட பையன்கூட அந்த வருடம் 'ஏ' கிரேடு வாங்கினான். இதை வாசலில் பெரிய ஃபிளெக்ஸ் அடித்து வைத்திருந்தார்கள். பென்சில் விஷயத்தை அல்ல, தேர்ச்சி விஷயத்தை.

அப்பேர்ப்பட்ட பள்ளிக்குள் ஒரு திங்கட்கிழமை காலை, குடோன் வேலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு நாகவல்லி நுழைந்தாள். தன் மகளைப் பெயிலாக்கித் தரும்படி கேட்பதற்காக.

அவளை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது ஒரு கிளி.

மகள் யுவராணி நான்காம் வகுப்பு. நசரத்பேட்டைக்குப் போகும் பள்ளி வேனில்தான் தினமும் வீடு திரும்புவாள். அந்த வேனின் பின்கதவில் ஒரு கிளி ஸ்டிக்கர் உண்டு. போன மாதம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் எஃப்.சி. சோதனைக்காக வேனுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார்கள்; கிளி போய்விட்டது. ஆவடி போகிற வேனில் ஒரு மயில் இருந்தது. கிளிதான் வளர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து யுவராணி அதில் ஏறிவிட்டாள்.

ஆவடி டிரைவர் அவளைக் கொண்டுவந்து வீட்டில் விடுவதற்குள் நாகவல்லிக்குப் பாதி உயிர் போய்விட்டது. மகளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, பிறகு முதுகில் ஒன்று வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நசரத்பேட்டன்னு வேனு மேல இம்மாம் பெருசா எழுதிகீதே, பாக்கலியாடி?"

"பாத்தேம்மா. அது இன்னா எழுதிகீதுன்னு தெரியல."

தமிழில் தொண்ணூற்று நாலு மார்க்கும், கையெழுத்துப் போட்டியில் கோப்பையும் வாங்கிய குழந்தை அப்படிச் சொன்னது.

மறுநாள் வேன் நிற்கும் இடத்தில் சபீனா டீச்சர் விஷயத்தை உடைத்துச் சொன்னாள். எழுத்து பிடிபடாத குழந்தைகளுக்குச் சொல்லித்தருவதற்கென்றே தனியாகப் படித்துப் பயிற்சி பெற்றவள் சபீனா. பள்ளியின் தனிக்கவனப் பிரிவுக்கு என்று அவளை வேலைக்கு எடுத்து ஒரு வருடமாகிறது. அந்தப் பிரிவில் சேரத் தகுதியுள்ள குழந்தை ஒன்றுகூட இன்னும் அகப்படாததால், சும்மா சம்பளம் கொடுப்பானேன் என்று, சாலையைக் கடக்கும் பிள்ளைகளுக்காகச் சிவப்புப் பலகை பிடிக்கும் வேலையில் விட்டிருந்தார்கள். பலகையை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடியேதான் அவள் பேசினாள். லாரிகள் பணிவாக நின்றன.

பரீட்சைக்கு முந்தைய வாரம் கேள்வியும் பதிலுமாக அத்தனையையும் கரும்பலகையில் எழுதிப் போடுவது பள்ளியின் வழக்கம். பரீட்சைத் தாளிலும் அதே கேள்விகள் அதே வரிசையில் வரும். மற்ற பிள்ளைகள் அதைப் படித்து எழுதினார்கள். யுவராணி அதைக் கோலம் போல மனதில் வாங்கி, புள்ளி பிசகாமல் வரைந்துவிட்டாள். காது அதைவிடக் கூர்மை. ஒரு தரம் யாராவது வாசித்துக் கேட்டால் போதும், எந்தப் பாடமும் மறக்காது. எல்லாரும் பக்கம் திருப்பும்போது அவளும் திருப்புவாள். வீட்டில் ராகம் போட்டுப் படிக்கிறாள் என்று நாகவல்லி பூரித்துப் போனதெல்லாம் இதைத்தான்.

"அக்கா, பாப்பா மக்கு இல்ல. அவ இத்தன நாளா சமாளிச்சதுக்கே மூளை டபுளா வேணும்," என்றாள் சபீனா. "எழுத்த அவளுக்கு வேற மாதிரி சொல்லித் தரணும், அவ்ளோதான். ஆனா இப்பவே ஆரம்பிக்கணும். பெரிய கிளாஸ் போனா பாடம் மலை மாதிரி வரும், ஞாபகசக்திய வெச்சுத் தாக்குப்பிடிக்க முடியாது. அப்ப அவளே தன்னை மக்குன்னு நெனச்சுக்குவா. மேல அதுக்குன்னு ரூமே இருக்கு. லோகநாதன் சாரக் கேளுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

லோகநாதன் தனிக்கவனப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர். அதற்கு முன் வேன்களுக்குப் பொறுப்பாக இருந்தார். எந்த வேனும் கவிழாததைப் பாராட்டி அவருக்குக் கல்வியில் பதவி உயர்வு கொடுத்திருந்தார்கள். அவர் நாகவல்லியைச் செருப்பைக் கழற்றச் சொல்லி மாடிக்கு அழைத்துப் போய், அந்த அறையைக் கண்ணாடி வழியாகக் காட்டினார்.

அறை அழகாகத்தான் இருந்தது. ஏ.சி. இருந்தது. கலர் கலராகக் குட்டி நாற்காலிகள், மரத்தில் செதுக்கிய உயிரெழுத்துகள், மணல் நிரப்பிய தட்டுகள். எல்லாவற்றின் மேலும் கடையில் சுற்றிய பிளாஸ்டிக் காகிதம் அப்படியே இருந்தது. தேக்குக் கதவில் ஒரு பூட்டு.

இரண்டு பாடத்தில் தோற்ற குழந்தைகளுக்கு மட்டுமே இந்த வசதி என்றார் லோகநாதன். இதுவரைக்கும் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று கேட்டாள் நாகவல்லி.

"ஒருத்தரும் இல்லம்மா," என்றார், பெருமை தாங்காமல். "அதுதான் இந்தப் பிரிவோட வெற்றி. ரூமைக் கட்டினோம், பிரச்சினை ஓடிப்போச்சு."

"எம் பொண்ணுக்குப் படிக்க வரல சார்."

"வரலைன்னா பெயிலாகியிருக்கணுமே? பெயிலாகலையே?" லோகநாதன் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரைக் காட்டினார். "இதைப் பாருங்க. இதையும் வாங்கித்தான் மாட்டியிருக்கோம். மாட்டிட்டோமேங்கறதுக்காக ஸ்கூலக் கொளுத்த முடியுமா?"

நாகவல்லி சிலிண்டரையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் சொல்வதில் எங்கோ நியாயம் இருப்பது போலவும், அது தன் கைக்குச் சிக்காமல் நழுவுவது போலவும் இருந்தது. பெயில் மார்க் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். அது பிரின்சிபல் மேடத்தின் அதிகாரம் என்றார் அவர்.

பிரின்சிபல் அனுசுயா மேடம் அன்பே உருவானவர். மேசை மேல் ஒரு பிள்ளையாரும் ஒரு கால்குலேட்டரும் வைத்திருந்தார். நாகவல்லி சொன்னதைக் கேட்டு முகம் வாடி, ஒரு தாய் பேசுகிற பேச்சா இது என்று வருத்தப்பட்டார். உலகத்தில் பெற்றவர்கள் மார்க் கூட்டிப் போடச் சொல்லி வருவார்கள். குறைத்துப் போடச் சொல்லி வந்தவர் நீங்கள்தான் என்றார்.

"தொண்ணூத்தி நாலு எடுத்த கொழந்தைக்குப் படிக்கத் தெரியலைன்னு சொன்னா, அந்தத் தொண்ணூத்தி நாலு மனசு என்ன பாடுபடும்?" என்றவர், கால்குலேட்டரைத் தட்டிக் காட்டினார். "சரி, உங்களுக்காக ஒரு பெயில் போடறேன்னே வெச்சுக்குவோம். நூறு சதவீதம் தொண்ணூத்தொம்பது புள்ளி சொச்சம் ஆயிடும். ஃபிளெக்ஸ்ல புள்ளி வெச்சா பாக்க லட்சணமாவா இருக்கும்?"

இருந்தாலும் மேடத்துக்கு மனசு இளகியது. நாளை மதிப்பீட்டுக் குழு ஒன்று கூடும், அதன் முன்னால் உங்கள் மகள் நியாயமான முறையில் தோற்றுக் காட்டினால் பார்க்கலாம் என்றார். குழுவில் யார் யார் என்று கேட்டாள் நாகவல்லி. தானும் லோகநாதனும் என்றார் மேடம்.

அன்று இரவுச் சாப்பாடு முடிந்ததும் செல்வகுமார் மனைவியின் கால்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பிடித்துவிட்டான். குடோனில் நின்றபடி பெட்டி ஒட்டுகிற கால்கள். அவன் செம்பரம்பாக்கம் பக்கம் இன்னொரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். எத்தனை டன்னைத் தூக்கினாலும் இந்தக் கால்களை எடுக்கும்போது மட்டும் கண்ணாடிச் சாமான் மாதிரி எடுப்பான்.

"புள்ள பெயிலாவணும்னு வேண்டிக்கினு கற்பூரம் ஏத்துன மொத ஆளு நீதான் வல்லி. அம்மனே கொயம்பிப் போயிருக்கும்."

"சிரிக்காதய்யா. நம்ம பொண்ணு பின்னால நிஜமாவே முட்டிகினு நிக்கும்போது, ஐயோ அப்பவே கேட்டிருக்கலாமேன்னு நாம அழுவக்கூடாது."

செல்வகுமார் சிரிப்பை நிறுத்திவிட்டு மகளைக் கூப்பிட்டான். நாளைக்கு உனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட வேண்டும், பயப்படக்கூடாது என்று இருவரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள்.

யுவராணி யோசித்தாள். "அணில் பாடம் கேட்டா? அது எனுக்குத் தெரியுமேம்மா."

"அதக் கேக்க மாட்டாங்கோ," என்றாள் நாகவல்லி.

அதைத்தான் கேட்டார்கள்.

தகுதி நிரூபணமாகாதவர்களுக்கு அறையைத் திறக்க விதியில்லாததால், குழு மாடி வராந்தாவில் கூடியது. லோகநாதன் தமிழ்ப் புத்தகத்தை விரித்து, தனக்கு நேராக வைத்துப் பார்த்துத் திருப்தியடைந்து, அப்படியே மேசையில் எதிர்ப்பக்கம் தள்ளினார். "அணிலும் மாமரமும். படிம்மா."

யுவராணி பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கணீரென்று ஆரம்பித்தாள். கமாவில் நிறுத்தினாள். கேள்விக்குறியில் குரலை உயர்த்தினாள். மாமரம் அணிலிடம் பேசும் இடத்தில் குரலைக் கரகரப்பாக்கினாள். மேடம் கண்ணை மூடித் தலையாட்டினார்.

"சார்," என்றாள் நாகவல்லி. "புக்கு தலகீழா கீது."

லோகநாதன் எட்டிப் பார்த்தார். மேடம் கண் திறந்து எட்டிப் பார்த்தார். குழந்தையின் பக்கத்திலிருந்து பார்த்தால் மாமரத்தின் வேர் மேலேயும் அணில் கீழேயும் இருந்தன. நாகவல்லி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதற்கு மேல் ஒரு ஆதாரம் வேண்டுமா?

"மேடம்," என்றார் லோகநாதன், குரல் தழுதழுக்க. "தலைகீழா இருக்கும்போதே இந்தப் போடு போடறாளே, நேரா வெச்சா என்ன ஆகும்?"

மதிப்பீட்டுக் குழு யுவராணியை அபூர்வத் திறன் படைத்த குழந்தையென ஒருமனதாகத் தீர்மானித்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நாகவல்லியின் கையில் இல்லை. பள்ளி வாசலில் யுவராணி புத்தகம் படிக்கும் ஃபிளெக்ஸ் எழும்பியது. போட்டோ எடுத்தவர் புத்தகத்தை நேராகப் பிடிக்க வைத்துவிட்டதால், அச்சடிக்கும்போது தவறைத் திருத்துவதற்காகப் படத்தையே கவிழ்த்துவிட்டார்கள். நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு, ஒரு குழந்தை கூரையிலிருந்து தொங்கிக்கொண்டு படிப்பதாகத் தெரிந்தது. கரையான்சாவடியில் ஒரு டியூஷன் சென்டர், தலைகீழ் வாசிப்புக்கு அட்மிஷன் நடக்கிறது என்று போர்டு மாட்டியது. வேன் ஏற்ற வந்த அம்மாக்கள், குழந்தைக்கு வல்லாரை கொடுக்கிறாயா வெண்டைக்காய் கொடுக்கிறாயா என்று நாகவல்லியைத் துருவினார்கள். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்று உண்மையைச் சொன்னால், திருஷ்டிக்குப் பயந்து மறைக்கிறாள் என்று ஒருவருக்கொருவர் கண் காட்டிக்கொண்டார்கள். நான்காம் வகுப்பில் வாரம் ஒரு பீரியட் எல்லாரும் புத்தகத்தைக் கவிழ்த்துப் பிடித்துப் படிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. இப்போது வகுப்பில் யாருக்குமே படிக்க வரவில்லை. யுவராணி ஒருத்திதான் படித்தாள்.

சபீனா டீச்சர் பலகையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள். "விட்டுடாதீங்கக்கா," என்று மட்டும் ஒருநாள் சொன்னாள். அதற்குள் வேன் கிளம்ப விசில் ஊதிவிட்டார்கள்.

ஆண்டு விழா வந்தது. கல்வித்துறையிலிருந்து ஓர் அதிகாரி தலைமை விருந்தினர். பெற்றவர்கள் வரிசையில் நாகவல்லியும் செல்வகுமாரும் கூட்டத்தின் நடுவே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் மகள் மேடையில் வரவேற்புரையைத் தலைகீழாக வாசிக்கப் போகிறாள். உரையை லோகநாதன் அவளுக்கு ஒரே ஒரு தரம் வாசித்துக் காட்டியிருந்தார். அது போதும் என்று அவளே சொல்லிவிட்டாளாம்.

முதலில் தாளாளர் பரந்தாமன் பேசினார். அவர் பள்ளி தொடங்குவதற்கு முன் வீட்டுமனை விற்றவர். பேச்சில் அந்தக் கம்பீரம் போகவில்லை.

"என்னைப் பாத்து, உனக்குக் கல்வியப் பத்தி என்னய்யா தெரியும்னு கேக்கறாங்க. நான் ஏரி ஓரத்துல முட்டிக்கால் தண்ணி நின்ன எடத்தையே மேட்டு நிலம்னு சொல்லி வித்தவன். வாங்கினவங்க இன்னிக்கும் அங்கதான் இருக்காங்க, வேற எங்க போக முடியும்? அப்படிப்பட்ட எனக்கு, ஒரு சாதாரணக் கொழந்தைய அபூர்வக் கொழந்தைன்னு காட்டறது பெரிய விஷயமா? இந்த ஸ்கூல்ல கஷ்டப்படற கொழந்தைன்னு ஒண்ணு கெடையாது. இருந்தா அட்மிஷன்லயே தெரிஞ்சிருக்கும், சேத்திருக்கவே மாட்டோம்."

கைதட்டல் ஓய்ந்ததும் யுவராணி வந்தாள். தாளைக் கவிழ்த்துக் கூட்டத்துக்குக் காட்டிவிட்டு, ஓர் எழுத்துப் பிசகாமல் உரையை முடித்தாள். பந்தல் அதிர்ந்தது. அதிகாரியும் தட்டினார். பிறகு, நல்ல மனிதர், சும்மா குழந்தையோடு விளையாடும் எண்ணத்தில், தன் மடியிலிருந்த விழா அழைப்பிதழை எடுத்துத் தானே மரியாதையாகக் கவிழ்த்து நீட்டினார். இதையும் கொஞ்சம் படி கண்ணு என்றார்.

யுவராணி அழைப்பிதழை வாங்கிப் பார்த்தாள். நாகவல்லியின் நகங்கள் செல்வகுமாரின் முழங்கையில் பதிந்தன. மைக்கில் குழந்தையின் மூச்சு மட்டும் கேட்டது.

"சார், நீங்க ஒரு தபா படிச்சுக் காட்டுங்க. அப்பால நான் படிக்கிறேன்."

கூட்டம் சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகப் பரந்தாமன் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. அழைப்பிதழை நேராகத் திருப்பிக் கொடுத்தார். "இப்ப?"

"இப்பவும் ஒரு தபா படிச்சுக் காட்டணும் சார்."

அவர் அதைப் பின்பக்கம் திருப்பினார். அங்கே அதே விஷயம் ஆங்கிலத்தில் இருந்தது. யுவராணி தெரியாது என்று தலையை ஆட்டினாள். குழந்தையின் உதடு கோணத் தொடங்கியது. பள்ளிக்குள் முதன்முறையாக அவள் ஒன்றைத் தெரியாது என்று சொல்லியிருக்கிறாள், அதுவும் மைக்கில். அது எவ்வளவு பெரிய குற்றம் என்று கண்டுபிடிக்க அவள் கூட்டத்தைத் துழாவினாள்.

அங்கே ஒரே ஒருத்தி எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வழிய, வளையல் நொறுங்குகிற மாதிரி தட்டினாள். அவள் பக்கத்தில் ஓர் ஆள் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தான். தோற்ற மகளுக்கு விசிலடிக்கும் தகப்பனை அந்த வட்டாரம் அன்றுதான் பார்த்தது. பந்தலின் கடைசியில், சிவப்புப் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சபீனா டீச்சரும் தட்டினாள். யுவராணி இடம்வலமாகப் பார்த்து, உதட்டைச் சரிசெய்துகொண்டு, ஒரு கும்பிடு போட்டாள்.

மேடையில் லோகநாதன் பிரின்சிபலின் காதருகே குனிந்தார். "தமிழ் ஒண்ணு, இங்கிலீஷ் ஒண்ணு. ரெண்டு பாடம் ஆச்சு மேடம். தகுதி வந்துடுச்சு." மைக் அவர் பக்கத்திலேயே இருந்ததால் இது நெடுஞ்சாலை வரைக்கும் கேட்டது.

இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு இங்கே என்ன ஏற்பாடு என்று அதிகாரி விசாரித்தார். ஏ.சி. அறையே இருக்கிறது என்று பரந்தாமன் அவரைப் படியேற்றி அழைத்துப் போனார். தேக்குக் கதவின் முன் எல்லாரும் நின்றார்கள். சாவி மேடத்திடம் இருப்பதாக லோகநாதன் சொன்னார். தாளாளரிடம் இருப்பதாக மேடம் சொன்னார். லோகநாதனிடம் கொடுத்துவிட்டதாகத் தாளாளர் சொன்னார். அதிகாரி கண்ணாடி வழியாகப் பிளாஸ்டிக் சுற்றிய குட்டி நாற்காலிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அறை இருக்கிறதோ இல்லையோ நாளை காலை இந்தக் குழந்தைக்கு வகுப்பு ஆரம்பித்தாக வேண்டும், நானே வந்து பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்.

தேக்குக் கதவை உடைக்கலாமா கூடாதா என்பதை ஆராய ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். அது இன்னும் கூடிக்கொண்டுதான் இருக்கிறது. சபீனா டீச்சருக்குப் பலகை வேலையிலிருந்து விடுதலை கிடைத்தது. உட்கார இடம் கிடைக்கவில்லை. பகல் முழுக்கச் சும்மா நிற்கும் நசரத்பேட்டை வேனில் அவள் வகுப்பை வைத்துக்கொண்டாள். ஒரு தட்டில் மணல் கொண்டுவந்தாள். யுவராணி அதில் விரலால் 'ந' எழுதினாள், அழித்தாள், எழுதினாள். வேனின் மேலே எழுதியிருப்பதும் இதே 'ந' என்று ஒருநாள் கண்டுபிடித்து, இறங்கி ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

அதன் பிறகு, வெண்டைக்காய் விசாரித்த அம்மாக்களில் ஒருத்தி நாகவல்லியைத் தனியாக ஓரங்கட்டினாள். குரலைத் தாழ்த்தி, எங்க பையனுக்கும் அந்தப் பெயில் கிடைக்குமா, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். அவளைத் தொடர்ந்து இன்னொருத்தி வந்தாள். வேனில் இப்போது உட்கார இடமில்லை.

நாகவல்லி வீட்டில் புதுச் சட்டம் ஒன்று அமலுக்கு வந்தது. எந்தப் போர்டையும் யாரும் வாய்விட்டுப் படிக்கக் கூடாது. படித்தால் யுவராணிக்குக் காதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு கண்ணுக்கு வேலை இருக்காது. பைக் ஓட்டும்போது கடைப் பெயரெல்லாம் ராகம் போட்டுப் படித்துக்கொண்டே போகிற வழக்கமுள்ள செல்வகுமாருக்கு இது பெரும் தண்டனை. வாயில் ஒரு பாக்கைப் போட்டு அடக்கிக்கொண்டான்.

பள்ளியிலும் சும்மா இருக்கவில்லை. பரந்தாமன் வாசலில் புது ஃபிளெக்ஸ் எழுப்பினார். அதில் யுவராணி நேராகவே சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே பெரிய எழுத்தில் ஒரு வாசகம். அன்றிலிருந்து தினமும் மாலை, வேனில் அனுப்பாமல் தானே கூப்பிட வந்த அம்மாவை வாசலில் நிறுத்திவைத்துவிட்டு, யுவராணி அதோடு மல்லுக்கட்டினாள். விரலைக் காற்றில் நீட்டி ஒவ்வோர் எழுத்தாக இழுத்தாள். முதல் வார்த்தை பிடிபடவே சில நாள் ஆயிற்று. நாகவல்லி உதவி செய்யத் துடித்த வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு நின்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, வியர்த்து விறுவிறுத்து, அவள் கடைசி எழுத்தைப் பிடித்துவிட்டாள். பிறகு முதலிலிருந்து முழுசாக ஒருமுறை வாசித்தாள். யாரும் படித்துக் காட்டாமல், அவள் வாழ்க்கையில் படித்த முதல் வாக்கியம்.

"இங்கு... எந்தக் குழந்தையும்... பின்தங்கியதே... இல்லை."

நாகவல்லி மகளை அள்ளித் தூக்கிக்கொண்டாள். ஒன்பது வயதுப் பெண்ணைத் தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும் என்பதெல்லாம் அப்போது நினைவில்லை. ஆனால் யுவராணி சிரிக்கவில்லை. அம்மாவின் தோளுக்கு மேலாக ஃபிளெக்ஸை இன்னொரு தரம் படித்துச் சரிபார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப நான் எங்கம்மா இருந்தேன்?"

நாகவல்லி யோசித்தாள். பூட்டிய மாடி அறையைப் பார்த்தாள். பிள்ளைகளை விட்டுவிட்டுத் திரும்பி ஷெட்டில் நின்ற நசரத்பேட்டை வேனைப் பார்த்தாள். உள்ளே சபீனா டீச்சரைச் சுற்றி ஏழெட்டுத் தலைகள் மணல் தட்டில் கவிழ்ந்திருந்தன.

"நீ வேனுல இருந்தடி."

அது யுவராணிக்குச் சரியாகப் பட்டது. தலையை ஆட்டிவிட்டு, ஃபிளெக்ஸின் அடியில் பொடி எழுத்தில் இருந்த அடுத்த வரியின்மேல் விரலை நீட்டி, அட்மிஷன் என்று இழுக்கத் தொடங்கினாள்.